முந்திப்போன அசனம்

ஏசம்மாள் வீட்டு அடுப்பங்கரையில் இரண்டு பிடியரிசிப் பானைகள் இருந்தன. ஒன்று, ராஜபாளையத்துக் கிறிஸ்தவ வீடுகள் எல்லாவற்றிலும் இருப்பதுதான். உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து அதில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொட்டுவார்கள். இரண்டாவது பானை வேறு யார் வீட்டிலும் கிடையாது. மகன் சின்னத்துரைக்குக் கல்யாணம் முடிந்த கையோடு ஏசம்மாள் வாங்கி வைத்த சின்னப் பானை அது. அதற்கும் தினம் ஒரு பிடி விழும். பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற அன்று சபையார் எல்லாருக்கும் அசனம் போடுவதற்காக. அசனம் என்றால் சபைச் சாப்பாடு. தேவாலயத்து முற்றத்தில் இலை விரித்து, நிலக்காரரும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

பானை நிறைந்ததும் சாக்கில் கொட்டிக் கட்டுவாள். சாக்கில் வண்டு விழும். வெயிலில் காயப்போட்டுப் புடைத்து, பழையதை உலைக்கு எடுத்துக்கொண்டு, அதே அளவு புது அரிசியைப் போட்டு வைப்பாள். இப்படியே வருஷங்கள் போயின. முதல் வருஷம் மருமகள் ஜெயக்கொடி அந்தப் பானையைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த வருஷம் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த மூலைக்கு முகத்தைத் திருப்புவதையே விட்டுவிட்டாள்.

ஜெயக்கொடி பி.ஏ. படித்தவள். அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் பி.ஏ. படித்த பெண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போய்த்தான் பார்க்க வேண்டும். அவளும் தினம் பஸ் ஏறித்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள், அங்கே மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக. கோபுரம் தெரிய ஆரம்பித்ததும் நோட்டுகளை அடுக்கிக் கையில் எடுத்துக்கொள்வாள். சாயங்காலம் திரும்பும்போது சஞ்சீவி மலை தெரிந்ததும் செருப்பைத் தேடுவாள். புருஷன் சின்னத்துரை பெங்களூர்ப் பட்டாளத்தில் ஹவில்தார். துப்பாக்கியைவிடச் சாக்குக்கட்டிதான் அவன் கையில் அதிகம் இருந்தது. எழுத்தறியாத ஜவான்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற வேலை. வருஷத்தில் ஒரு தடவை லீவில் வருவான். வந்த சுவடு தெரிவதற்குள் போய்விடுவான். அப்புறம் பிள்ளை எங்கேயிருந்து வரும், நீங்களே சொல்லுங்கள் மக்களே. ஆனால் ஊர் அந்தக் கணக்கையெல்லாம் பார்க்குமா? அவள் வயிற்றைத்தான் பார்த்தது.

உலக யுத்தம் மூண்ட வருஷத்தின் கோடையில், பள்ளிக்கூடத்து மிஸியம்மா ஜெயக்கொடியைக் கூப்பிட்டு அனுப்பினார். சீமையிலிருந்து வந்து, வேதபுஸ்தகத்தை வைத்துத் தமிழ் கற்றுக்கொண்டவர்; பேசும்போதும் அந்தத் தமிழ்தான் வரும்.

"ஜெயக்கொடியே, உனக்கு மதராஸில் எல்.டி. படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அது பி.ஏ.வுக்கு மேற்பட்ட உபாத்தியாயர் படிப்பு. மிகவும் பாரமானது. நீ அதை முடித்து வந்தால் இந்தப் பள்ளியின் பெரிய வகுப்புகளை உன் கையில் ஒப்புக்கொடுப்பேன்."

மிஸியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒன்று மட்டும் சொல்லுவேன். அந்தக் கல்லூரி விடுதியிலே கர்ப்பவதிகளை வைத்துக்கொள்ளுகிறதில்லை. தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். ஆகையால் இந்த ஒரு வருஷம் மாத்திரம் கர்த்தர் உனக்குப் பிள்ளையைக் கொடாதிருப்பாராக என்று நான் ஜெபிப்பேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் "சரிங்கம்மா" என்றாள் ஜெயக்கொடி. வீட்டில் ஒருத்தி கொடு என்று கேட்கிறாள், இங்கே ஒருத்தி கொடுக்காதே என்று கேட்கப் போகிறாள். நடுவில் தான் என்ன கேட்பது?

சின்னத்துரை லீவில் வந்திருந்த நேரம் அது. சாயங்காலம் கண்மாய்க் கரையில் நடக்கும்போது அவனிடம் சொன்னாள். விடுதிச் சட்டத்தையும் சொன்னாள்.

"பிள்ளை வேணுமா, படிப்பு வேணுமான்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்றான்.

"ரெண்டும் வேணும்னு சொல்லுவேன்."

"பேராசைக்காரி."

"ஆமா, பேராசைதான். மத்தவிய வீட்டுல ஆசைப்படாமயே ஒண்ணுக்கு மேல ஒண்ணு வருது. நான் ஆசைப்பட்டாத்தான் குத்தமோ?"

அவன் சிரித்துவிட்டு, அப்புறம் யோசனையாகச் சொன்னான். "இங்க பாரு, ராசபாளையத்துக்கும் பெங்களூருக்கும் எம்புட்டு தூரம்! மதராசுக்கும் பெங்களூருக்கும் ஒரு ராத்திரி ரயிலுதான். நீ அங்க இருந்தா நான் லீவு எதிர்பாக்க வேண்டாம். சனிக்கிழமை ஏறினா ஞாயித்துக்கிழமை உன் பக்கத்துல இருப்பேன். படிக்கப் போறதே பிள்ளைக்கு நல்லதுதான்டி."

"வயிறு தெரிஞ்சுட்டா?"

"பட்டாளத்துல ஒரு வார்த்தை சொல்லுவாவ, வெடிச்ச பொறவு பாத்துக்கலாம்னு. கோடைப் பரீட்சை வரைக்கும் மறைச்சிற மாட்டியா? நீதான் சேலையை அம்புட்டு சுத்துச் சுத்திக் கட்டுதியே."

கண்மாயில் தண்ணீர் அடியில் கிடந்தது. கரையில் அவர்கள் இருவரையும் தவிர யாருமில்லை. அன்றைக்கு ஜெயக்கொடி சிரித்த சிரிப்பை அவளே பின்னால் நினைத்து நினைத்துப் பார்த்துக்கொள்வாள்.

சின்னத்துரை பட்டாளத்துக்குத் திரும்பிப் போனான். ஜெயக்கொடிக்கு நாள் தள்ளிப் போயிற்று. ஒரு வாரம் போகட்டும் என்று பார்த்தாள். அதுவும் போனது. பள்ளிக்கூடத்தில் விடைபெற்றுக்கொண்டு வந்த அன்று, பஸ் மம்சாபுரம் விலக்கைத் தாண்டியதும் அவளுக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. டிரைவரை நிறுத்தச் சொல்லி, இறங்கி, புளியமரத்தடியில் வாந்தி எடுத்தாள்.

அந்த பஸ்ஸில் பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் இருந்தாள். வரப்புத் தகராறு ஒன்றுக்காக வருஷக்கணக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோர்ட்டுக்கு அலைகிறவள். அன்றும் வாய்தா வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள். ஜெயக்கொடியின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "எடு தாயி, நல்லா எடு. இது நல்ல வாந்தி" என்றாள்.

"பெட்ரோல் வாடை ஒத்துக்கலை மயினி."

"ஆமா, தெனம் ஏறுத பஸ்ஸு இன்னைக்குத்தான் நாறுதாக்கும்!"

ஜெயக்கொடி வீட்டுக்கு வந்து கால் கழுவுவதற்குள் செய்தி அடுப்பங்கரைக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் ஏசம்மாள் சின்னப் பானையில் இரண்டு பிடி போட்டாள். அதை ஜெயக்கொடி பார்த்தாள்.

"அத்தை, இன்னும் நிச்சயமில்லை. யாரிட்டயும் சொல்லிறாதீக."

"நான் ஏன் சொல்லுதேன்? வெள்ளத்தாய் வாயையும் தச்சிட்டேன். ஆனா ஒண்ணுட்டி, கடுதாசியில இதைப் பத்தி ஒரு எழுத்து எழுதிறாதே. ஐயாதுரை வாசிச்சான்னா பொறவு கோயில் மணி அடிக்க வேண்டாம்."

ஐயாதுரை அந்தச் சபையின் உபதேசியார். ஏசம்மாளுக்கு எழுத்து தெரியாது. அவளுக்கு வருகிற கடிதங்களை அவர்தான் வாசலில் நின்று வாசிப்பார். பிரசங்கம் செய்து பழகிய தொண்டை. தெருமுனை வரைக்கும் கேட்கும்.

இப்படி இரண்டு பேரும் பேசி முடித்துக்கொண்டார்கள். ஏசம்மாளுக்கு விடுதிச் சட்டம் தெரியாது. பயப்படுவாளே என்று ஜெயக்கொடி சொல்லவில்லை. ரயிலடியில் ஏசம்மாள் மருமகளைப் பெட்டியைத் தொடவிடவில்லை. "கனத்தைத் தூக்காதே, படியில ஓடாதே, உசரத்துல இருக்குத எதையும் எட்டி எடுக்காதே" என்று ரயிலோடு கூடவே நடந்து சொல்லிக்கொண்டு வந்தாள், நடைமேடை முடிகிறவரைக்கும்.

மதராஸ் விடுதியில் ஜெயக்கொடி ஒருத்திதான் கல்யாணமானவள். மற்றவர்கள் எல்லாரும் நேற்றுத்தான் பி.ஏ. முடித்த சின்னப் பெண்கள். "அக்கா" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவள் வந்தால் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். சாப்பாட்டு மணி அடிக்கும். வரிசையில் நிற்க வேண்டும். அரிசி அளக்க வேண்டியதில்லை, பிடி எடுக்க வேண்டியதில்லை. முதல் சில நாள் அவளுடைய கை சும்மா இருக்க மாட்டாமல் தட்டின் ஓரத்தில் ஒரு கவளத்தை ஒதுக்கி வைக்கும்.

படிப்பு பாரம்தான். மிஸியம்மா மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பிள்ளைகளின் மனம் எப்படி வளருகிறது என்று ஒரு பாடம். பள்ளிக்கூடங்களின் சரித்திரம் ஒரு பாடம். கரும்பலகையில் கோணாமல் எழுதப் பழக ஒரு மணி நேரம். இதற்கு மேல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போய் நிஜமாகவே வகுப்பு எடுக்க வேண்டும். பின்பெஞ்சியில் ஒரு அம்மாள் உட்கார்ந்து ஒவ்வொரு தப்பையும் குறித்துக்கொள்வார். எல்லாவற்றையும் ஜெயக்கொடி தலைகுனிந்து செய்தாள். தூக்காதே, ஓடாதே, எட்டாதே என்று அத்தை சொன்னதையும் சேர்த்துச் செய்தாள். வாந்தி அதற்குப் பிறகு வரவில்லை. ஆனாலும் நாள் தள்ளிக்கொண்டே போனது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குகிற அவளைப் பார்த்து, "அக்காவுக்கு முட்டு வலி போல" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அவள் மனதுக்குள் ஒரு துணை இருந்தது. யாருக்கும் சொல்லாத துணை. நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது, 'நீயும் நானுமாகத்தான் இந்தப் பாடத்தை வாசிக்கிறோம்' என்று நினைத்துக்கொள்வாள்.

முதல் பரீட்சை வகுப்பு வந்தது. பின்னக் கணக்கு. காகிதத்தில் பெரிய ஆப்பம் ஒன்று வெட்டிக்கொண்டு போயிருந்தாள். அதைப் பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டாகக் கிழித்து, பாதி என்று காட்டிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் ஒரு பிடிப்பு. பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டுமா? பின்பெஞ்சியில் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயக்கொடி கரும்பலகைக்குத் திரும்பவேயில்லை. முதுகைச் சுவரோடு வைத்துக்கொண்டு பாதியைக் காலாக்கினாள், காலை அரைக்காலாக்கினாள். மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். "குரல் தெளிவு. பொறுமை அதிகம். கரும்பலகையை இன்னும் பயன்படுத்தலாம்" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டுப் போனார்.

வழக்கமாக வருகிறது போல் இல்லை அது. வலியும் அதிகம், போக்கும் அதிகம். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே பெண்கள் வாளியை உருட்டிக்கொண்டு, "அக்கா, சீக்கிரம்" என்று தட்டினார்கள். "இதோ வாரேன்" என்று சொன்னாள். இருந்து போனதா, இல்லாமலே தள்ளிப்போய் வந்ததா? கேட்பதற்கு ஒருவரும் இல்லை. டாக்டரம்மாவிடம் போனால் விடுதிக்குத் தெரியும். மிஸியம்மாவின் ஜெபம் இலக்கண சுத்தமாக இருந்ததால் அதுதான் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டதோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்கு அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே வேறாகிப் போனது.

ஊருக்கு எப்படி எழுதுவது? இந்தச் சேதியை ஐயாதுரை உபதேசியார் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி வாசித்தால்? காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தாள். கடைசியில் எப்போதும் எழுதுவதையே எழுதினாள்: நான் சுகமாயிருக்கிறேன், உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

அங்கே ராஜபாளையத்தில் ஏசம்மாள் 'சுகம்' என்ற அந்த வார்த்தையை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டு உயிருக்கு இரண்டு தடவை.

ஆகஸ்டில் சின்னத்துரை வந்தான், சொன்னபடியே சனிக்கிழமை ரயிலேறி. ஆனால் விடுதியில் ஆண்பிள்ளைக்கு இடம் ஏது? வாசற்பக்கத்து அறையில், கதவைத் திறந்து வைத்து, வார்டனம்மா பின்னல் வேலையோடு எதிரே உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கடற்கரைக்குப் போய்வர விளக்கு வைக்கும்வரை அனுமதி கிடைத்தது. மணலில் உட்கார்ந்ததும் ஜெயக்கொடி அவனிடம் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லாததை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

அவன் மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான். "அம்மாக்குத் தெரியுமா?"

"இல்லை. எப்படி எழுதட்டும்?"

"எழுத வேண்டாம். நானும் எழுதலை." கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "சரி, போகட்டும். தசரா லீவுக்கு நீ பெங்களூருக்கு வந்துரு. பட்டாள லைன் பக்கத்துல ஒரு வீடு பாத்து வைக்கேன். கதவு சாத்துத வீடு" என்றான்.

வார்டனம்மாவை நினைத்து இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளவில்லை. சுற்றிலும் ஜனம்.

செப்டம்பரில் யுத்தம் வந்தது. தசராவுக்கு முன்னாலேயே சின்னத்துரையின் பட்டாளத்தைக் கப்பலேற்றிவிட்டார்கள். எந்தத் தேசத்துக்கு என்று சொல்லக்கூடாதாம். கடல் தாண்டிப் போகிறேன் என்று இரண்டு வரி அம்மாவுக்கும் இரண்டு வரி மனைவிக்கும் வந்தது. தசரா லீவுக்கு மற்றப் பெண்கள் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். ஜெயக்கொடிக்கு ஊர் தூரம். ஒழிந்த விடுதியில் அவளும் காவற்காரனும்தான். சாப்பாட்டு மணியை அவளுக்காக மட்டும் அடித்தார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத்தான் ராஜபாளையம் வந்தாள். காலை வெயில் ஏறுகிற நேரம். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடைமேடையில் இறங்கினாள்.

எதிரே ஏசம்மாள் நின்றாள், பக்கத்தில் வெள்ளத்தாய். ரயிலடிக்கு வெளியே கூண்டு வண்டி. அதில் குலுங்காமல் இருக்க வைக்கோலை மெத்தை மாதிரி உயரப் பரப்பி, மேலே கல்யாண ஜமுக்காளத்தை விரித்திருந்தார்கள். மருமகளை ஏறவைக்க ஒரு முக்காலிகூடக் கொண்டுவந்திருந்தார்கள்.

ஏசம்மாளின் கண் முதலில் பெட்டிக்குப் போனது. "ஏட்டி, கனத்தைத் தூ..." என்று ஆரம்பித்தாள். அப்புறம் கண் கீழே இறங்கியது. சேலை தட்டையாக இருந்தது.

எப்போதும் பேசுகிற வெள்ளத்தாய் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். வண்டிக்காரன் மட்டும் விஷயம் தெரியாமல், "மெல்ல ஏறுங்க டீச்சர், ஆச்சி மாட்டை அடிக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காவ" என்றான். அன்றைக்கு அந்த மாடுகள் நடந்த நடைக்கு ரயிலடியிலிருந்து வீடு வந்து சேர யுகமாயிற்று. வைக்கோல் அவ்வளவு மெத்தென்று இருந்தது. அதில் மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்து வந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜெயக்கொடி, வழக்கமாக முகம் திருப்பாத அந்த மூலையைப் பார்த்தாள். சின்னப் பானை கவிழ்ந்து கிடந்தது. சாக்குகளைக் காணவில்லை.

"அரிசி எங்க அத்தை?"

ஏசம்மாள் தரையில் உட்கார்ந்தாள். "போட்டுட்டேன்டி. அசனம் போட்டுட்டேன்."

நடந்தது இதுதான். மகன் கப்பலேறிய சேதி வந்த அன்றிலிருந்து ஏசம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயாதுரை உபதேசியார் பிரசங்கத்தில், கேட்கிறவன் கையில் வாங்குகிறதுக்கு முன்னாலேயே வாங்கிவிட்டதாக எண்ணி ஸ்தோத்திரம் செலுத்த வேண்டும், அதுதான் விசுவாசம் என்று சொன்னார். ஏசம்மாள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பிள்ளை பிறந்த பிறகு போடுகிற அசனத்தை இப்போதே போட்டுவிட்டால்? பேரப்பிள்ளைக்கு ஸ்தோத்திரம் சொல்லியாகிவிட்டது, இனி அதன் தகப்பனைத் திருப்பிக் கொண்டுவராமல் ஆண்டவர் எப்படி இருப்பார்? குருவானவரிடம் போய்ச் சொன்னாள். தசரா லீவுச் சமயத்தில் வந்த அறுப்பின் பண்டிகையன்று சாக்குகளை அவிழ்த்துக் கொட்டினாள். சபையார் எல்லாரும், கேள்விப்பட்டு வந்த அக்கம்பக்கத்து இந்து ஜனங்களும் சாப்பிட்டார்கள். குருவானவர் ஜெயக்கொடியின் பிள்ளைக்காக ஜெபம் செய்தார்.

"ஊரே சாப்பிட்டுக் கைகழுவிட்டுப் போயிருச்சுடி" என்றாள் ஏசம்மாள். "வெள்ளத்தாய் ரெண்டு தடவை சோறு வாங்கினா. அம்புட்டு சந்தோசம் அவளுக்கு."

ஜெயக்கொடிக்குக் கோபம் வர வேண்டும். வந்து பார்த்தது, பிறகு போய்விட்டது. தலைப்பிள்ளைக்காரி மாதிரி அத்தை ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கிறாள். அந்த நாளில், அந்த நேரத்தில், தான் ஆளில்லாத விடுதியில் மணிச் சத்தத்துக்குக் கீழே இறங்கிப் போய் ஒற்றைத் தட்டில் சாப்பிட்டிருப்பாள்.

"எப்பம் ஆச்சு?" என்று கேட்டாள் ஏசம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

ஜெயக்கொடி சொன்னாள். காகித ஆப்பத்திலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். கடற்கரையில் புருஷனிடம்கூட இவ்வளவு சொல்லவில்லை.

"கருதான் அழிஞ்சதா, சும்மா நாள் தள்ளிப்போயி வந்ததா?"

"தெரியலை அத்தை. சத்தியமா எனக்குத் தெரியலை. இருந்திருக்கலாம்."

ஏசம்மாள் எழுந்துபோய்க் கவிழ்ந்த பானையின் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"அப்படின்னா இருந்துச்சு" என்றாள். "நான் இருந்துச்சுன்னுதான் நெனைப்பேன். அம்புட்டுச் சோறும் இல்லாத பிள்ளைக்கா போட்டேன்? இருந்த பிள்ளைக்குத்தான் போட்டேன். அதுக்கு ஞானஸ்நானம் இல்லை, பேரில்லை, குழியில்லை. அசனமாவது கெடைச்சுதே."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஜெயக்கொடிக்கும் முடியவில்லை. பூட்டி வைத்திருந்ததெல்லாம் அன்றைக்குத்தான் திறந்துகொண்டது. அடுப்பில் வைத்த உலை கொதித்து, வற்றி, பானை தீய்ந்த வாடை வந்த பிறகுதான் இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

ஊருக்கு வெள்ளத்தாய் சொன்னாள். "பிள்ளை தங்கலை" என்ற இரண்டே வார்த்தை. வேறு ஜோடனை ஒன்றும் அவள் சேர்க்கவில்லை. வாயாடிதான், ஆனாலும் எங்கே வாயை அடக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பண்டிகை ஆராதனையில் ஜெயக்கொடி போய் உட்கார்ந்ததும், பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் அவளை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஐயாதுரை உபதேசியார் வீட்டுக்கு வந்தார். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து அந்தத் தெரு கேட்டதில்லை.

"டீச்சர், அந்தப் பிரசங்கத்தை நான் பண்ணாம இருந்திருக்கலாம். நீங்களாவது ஒரு வரி எழுதியிருந்தா, ஆச்சி அசனத்தை நிறுத்தியிருப்பாவ."

"எழுதியிருந்தா யாரு வாசிச்சிருப்பா ஐயா?" என்றாள் ஜெயக்கொடி. குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

உபதேசியார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜெபம் பண்ணக்கூட நிற்காமல் போய்விட்டார்.

பத்திரிகை வருகிற வீடொன்றில் யுத்தச் சேதி கேட்டுவர ஏசம்மாள் தினம் போவாள். கப்பல்கள் பற்றி வரும், சீமைப் பட்டணங்கள் பற்றி வரும். சின்னத்துரை பற்றி ஒன்றும் வராது. விடுமுறை அப்படியே கழிந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே பாயில் படுத்தார்கள். இரண்டு பேரும் தனித்தனியாக விழித்திருந்தார்கள்.

புறப்படுகிற நாள் காலையில் ஜெயக்கொடிதான் உலை வைத்தாள். அரிசியை அளந்தாள். சபைப் பானையில் ஒரு பிடி போட்டாள். கை பழக்கத்தில் இன்னொரு பிடி அள்ளிவிட்டது. கவிழ்ந்த பானைக்கு எதிரே அப்படியே நின்றாள்.

"நிமித்தட்டுமா?" என்றாள் பின்னால் ஏசம்மாள்.

"வேண்டாம் அத்தை. அவிய வரட்டும். வந்த பொறவு, நமக்கு நல்ல சேதின்னு ஒண்ணு இருந்தா, 'பானையை நிமித்தி வைங்க'ன்னு எழுதுவேன். உபதேசியார் எம்புட்டு சத்தமா வேணும்னாலும் வாசிக்கட்டும்."

ஏசம்மாளின் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்து போனது. "பானை பூசணம் பிடிக்கும்னு நெனைச்சுக்குவான்" என்றாள்.

ஜெயக்கொடி கையிலிருந்த பிடியை உலையில் போட்டாள்.

ரயிலடியில் பெட்டியைத் தூக்கக் குனிந்தாள். "தூக்காதட்டி" என்று பழக்கத்தில் ஏசம்மாள் வாய் சொல்லிவிட்டது. ஏசம்மாள் பெட்டியின் மறுபக்க வளையத்தைப் பிடித்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நடைமேடையில் நடந்தார்கள். இந்தத் தடவை ஏசம்மாள் ரயிலோடு கூட நடந்து வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பெட்டியில் கூட்டம் ஏறியது. கோபுரம் ஜன்னலில் வந்து நின்றது. அதற்கு இந்தப் பக்கம் எங்கேயோ அவளுடைய பள்ளிக்கூடம். இன்னும் ஒரு கோடை தாண்டினால் பெரிய வகுப்புகள் அவள் கைக்கு வரும். பரீட்சைக்குப் படிக்க வேண்டியது மடிமேல் விரிந்திருந்தது. எதிரே வந்து உட்கார்ந்த ஒரு அம்மாள், கூடையை இறக்கி, வெற்றிலையை மடித்து, எல்லாரும் கேட்கிறதையே கேட்டாள்.

"எம்புட்டு தூரம் போறே தாயி?"

"மதராசுக்கு."

"எத்தனை பிள்ளைக?"

இந்தக் கேள்விக்கு ஜெயக்கொடி இத்தனை வருஷமும் "இல்லை" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அன்றைக்குத் திரும்பவில்லை. ரயில் ஊதியது. கோபுரம் மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது.

"ஒண்ணு இருந்துச்சு" என்றாள்.

அந்த அம்மாள் கூடையைத் தன் காலடிக்கு இழுத்துக்கொண்டு, ஜெயக்கொடி காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டாள்.